யாருமே எதிர்பாக்காத ஆளு ஜெயிக்குற அந்த ஒரு செகண்ட பென்சில்ல எப்படி கொண்டு வர்றது? (புதுசா கத்துக்குறேன், உதவி வேணும்)

மல்லிப்பூ_ஸ்கெட்ச்

எல்லாருக்கும் வணக்கம். வரைய ஆரம்பிச்சு நாலு மாசம் தான் ஆகுது. இதுவரைக்கும் பழம், டம்ளர், தூங்குற பூனை, மாமியாரோட கை இதெல்லாம் தான் வரைஞ்சிருக்கேன். இப்போ முதல் தடவையா மனுஷங்க இருக்குற ஒரு முழு சீன் வரையணும். காரணத்தையும் சொல்லிடறேன். என் பையன் ஏழாவது படிக்கிறான், ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேல 400 மீட்டர்ல கடைசியா வந்தான், வீட்டுக்கு வந்ததும் ஷூவ கழட்டி பரண் மேல தூக்கி போட்டுட்டு இனிமே ஓடவே மாட்டேன்னு சொல்லிட்டான். சோறு கூட சரியா சாப்பிடல. அன்னிக்கு ராத்திரி அவன பக்கத்துல உக்கார வச்சு ஸ்டீவன் பிராட்பரி ஜெயிச்ச அந்த வீடியோவ காட்டினேன்.

தெரியாதவங்களுக்கு சொல்றேன். 2002, அமெரிக்காவுல சால்ட் லேக் சிட்டி விண்டர் ஒலிம்பிக்ஸ், ஐஸ் மேல ஸ்கேட்டிங் பண்ற ஷார்ட் ட்ராக் 1000 மீட்டர் ஃபைனல். மொத்தம் அஞ்சு பேர். பிராட்பரி ஆஸ்திரேலியாக்காரர், கடைசில தனியா வந்துட்டு இருக்காரு, முன்னாடி நாலு பேரும் ஒருத்தர ஒருத்தர் இடிச்சிட்டு பறக்குறாங்க. கடைசி ரவுண்டோட கடைசி வளைவுல அந்த நாலு பேரும் மொத்தமா விழுந்துடறாங்க. இவரு அப்படியே பக்கத்துல வந்து கோட்ட தாண்டிடறாரு. தங்கம். ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் இல்ல, பூமிக்கு தெக்கு பாதில இருக்குற எந்த நாட்டுக்குமே விண்டர் ஒலிம்பிக்ஸ்ல அது தான் முதல் தங்கம். பையன் நாலு தடவ ரிவைண்ட் பண்ணி பாத்தான்.

அத வரைஞ்சு அவன் படிக்கிற டேபிளுக்கு மேல மாட்டணும்னு ஆசை. மூணு தடவ போட்டுட்டேன் (படம் இணைச்சிருக்கேன்), மூணுமே ஏதோ எனர்ஜி டிரிங்க் விளம்பரம் மாதிரி இருக்கு. ரெண்டு கையும் நேரா மேல, வாய் நிறைய பல்லு, பின்னாடி கூட்டம். பாக்குறவங்களுக்கு இவரு ஜெயிக்கப் பொறந்தவருன்னு தான் தோணும், கடைசில வந்தவருன்னு தோணவே தோணாது. மூணாவது படத்துல கண்ணீர் கூட போட்டு பாத்தேன், அது இன்னும் மோசம். எங்க தப்பு பண்றேன்? கைல ஏ3 கார்ட்ரிட்ஜ் பேப்பரும் எச்பி, 2பி, 6பி பென்சிலும் இருக்கு.

கோட்டுப்பித்தன்

படத்த பாத்தேன் அக்கா. பூனை வரைஞ்ச கை தான்னு தெரியுது, கோடு நல்லா இருக்கு. பிரச்சனை கோட்டுல இல்ல, நீங்க முகத்துல இருந்து ஆரம்பிச்சிருக்கீங்க, அது தான். மூணு படத்துலயும் முகம் தான் அழிச்சு அழிச்சு கருத்துப் போயிருக்கு, உடம்பு பொம்மை மாதிரி விறைப்பா நிக்குது.

ஒரு விஷயம் சொல்றேன், இது என் வரையுற பழக்கத்தையே மாத்துன விஷயம். 2012ல சயன்ஸ் பத்திரிகைல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஹிலெல் அவியேசர்னு ஒருத்தரும் அவரு கூட ரெண்டு பேரும் பண்ணது. டென்னிஸ்ல முக்கியமான பாயிண்ட ஜெயிச்சவங்க, தோத்தவங்க ரெண்டு பேரோட போட்டோவையும் எடுத்து, முகத்த மட்டும் வெட்டி ஜனங்க கிட்ட காட்டி இது சந்தோஷமா துக்கமான்னு கேட்டிருக்காங்க. யாராலயும் சரியா சொல்ல முடியல. தலைய மறைச்சுட்டு உடம்ப மட்டும் காட்டுனா டக்குனு சொல்லிட்டாங்க. அதாவது உணர்ச்சி உச்சத்துக்கு போகும்போது ஜெயிச்ச முகமும் தோத்த முகமும் ஒரே மாதிரி கோணிடுது, உண்மைய சொல்றது தோளும் கையும் நெஞ்சும் தான். நாம முகத்துல மணிக்கணக்கா உக்காந்து கஷ்டப்படுறோம், பதில் கழுத்துக்கு கீழ இருக்கு.

அதனால இப்படி பண்ணுங்க. முகமே இல்லாம, தலைக்கு ஒரு முட்டை மட்டும் போட்டு, உடம்ப ஒரே ஒரு வளைஞ்ச கோட்டுல புடிங்க. குதிகால்ல இருந்து முதுகு வழியா உச்சந்தலை வரைக்கும் ஒரே இழுப்பு. வேஸ்ட் பேப்பர்ல, ஒரு படத்துக்கு முப்பது செகண்டுக்கு மேல கூடாது, இருபது முப்பது போடுங்க. ஸ்கேட்டிங் பண்றவங்க ரேஸ் முழுக்க வில்லு மாதிரி குனிஞ்சே இருப்பாங்க, முட்டி மடங்கி முதுகு கிட்டத்தட்ட தரைக்கு இணையா. கோட்ட தாண்டும்போது அந்த வில்லு மெதுவா நிமிருது பாருங்க, அந்த பாதி நிமிர்ந்த முதுகு தான் உங்க படம். முழுசா நிமித்திட்டீங்கன்னா சாம்பியன் ஆயிடுவாரு, குனிஞ்சே இருந்தா இன்னும் ரேஸ் முடியலன்னு ஆயிடும். ரெண்டுக்கும் நடுவுல.

கையும் அப்படித்தான். முழங்கை நேரா இருக்க கூடாது, கொஞ்சம் மடங்கி, ரெண்டு கையும் ஒரே உயரத்துல இல்லாம, விரல் விரிஞ்சு. முஷ்டி வேண்டவே வேண்டாம். தூக்கலாமா வேண்டாமானு அந்த கை இன்னும் யோசிச்சிட்டு இருக்கணும்.

ஓய்வுபெற்ற_ட்ராயிங்_மாஸ்டர்

அம்மா, உங்க பையன் கதைய படிச்சதும் எழுதாம இருக்க முடியல. முப்பது வருஷம் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு ட்ராயிங் சொல்லிக் கொடுத்தவன் நான். தம்பி கோட்டுப்பித்தன் சொன்னது அத்தனையும் சரி, அதுக்கு மேல ஒண்ணு சேக்குறேன்.

நம்ம தொல்காப்பியத்துல மெய்ப்பாடுன்னு ஒரு இயல் இருக்கு. மெய்னா உடம்பு, உள்ள இருக்குறது உடம்புல படுறது மெய்ப்பாடு. எட்டு சொல்றாரு: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. எந்த படம் வரையுறதுக்கு முன்னாடியும் பிள்ளைங்க கிட்ட நான் கேப்பேன், இந்த எட்டுல உன் படம் எது, ஒண்ண சொல்லுன்னு. உங்க மூணு படத்துலயும் நீங்க வரைஞ்சது பெருமிதம். நெஞ்சு நிமிந்து, கை ஓங்கி, தலை பின்னால சாஞ்சு. அது எல்லா வெற்றிக்கும் பொதுவான நிலை தான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ், பாராலிம்பிக்ஸ் ஜூடோ வீரர்கள் போட்டோவ வச்சு ஆராய்ச்சி பண்ணப்போ பிறவியிலேயே கண்ணு தெரியாதவங்க கூட ஜெயிச்சதும் இதையே தான் செஞ்சாங்கன்னு கண்டுபிடிச்சாங்க, யாரையும் பாத்து கத்துக்காமலே. அதனால உங்க கை தானா அங்க போனதுல ஆச்சரியமே இல்ல.

ஆனா உங்க ஆளுக்கு அந்த நேரத்துல இருந்தது பெருமிதம் இல்லம்மா. மருட்கை. வியப்பு. உவகை அதுக்கு அப்புறம் தான் வரும், ஒரு ரெண்டு செகண்ட் கழிச்சு. பெருமிதம் ராத்திரி ரூமுக்கு போய் படுத்ததுக்கு அப்புறம் வந்திருக்கும். ஜெயிப்போம்னு தெரிஞ்சு ஜெயிக்குறவனுக்கு மூணும் ஒண்ணா வரும், தெரியாம ஜெயிச்சவனுக்கு வரிசையா வரும். நீங்க வரைய வேண்டியது வரிசையில முதல் ஆள மட்டும். மூணையும் ஒரே முகத்துல திணிச்சதால தான் விளம்பரம் மாதிரி ஆயிடுச்சு. கண்ணீரும் அதனால தான் ஒட்டல, அழுகைக்கு இன்னும் நேரமே வரல.

முகத்துக்கு வருவோம். ஹெல்மெட் இருக்கறதால நெத்தி பாதி மறைஞ்சிடும், அது உங்களுக்கு வசதி. மிச்சம் இருக்குறது புருவம், கண்ணு, வாய். வியப்புல புருவம் முழுசா மேல போகும், நடுவுல சுருங்காது. புருவத்தோட உள்முனை மட்டும் மேல ஏறுனா அது துக்கம், அந்த தப்ப மட்டும் பண்ணிடாதீங்க, ஒரு மில்லிமீட்டர் தான் வித்தியாசம் ஆனா மொத்த படமும் மாறிடும். மேல் இமை தூக்கி கருவிழிக்கு மேல ஒரு மெல்லிசான வெள்ளை தெரியலாம். வாய் திறந்து, தாடை தானா தொங்குற மாதிரி. பல்ல ஒவ்வொண்ணா பிரிச்சு கோடு போடாதீங்க, மேல் வரிசைய ஒரே வெள்ளை பட்டையா விட்டுடுங்க. உதட்டு ஓரம் ஒரு பக்கம் மட்டும் லேசா மேல ஏற ஆரம்பிச்சிருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும். சிரிப்பு வரப்போகுதுன்னு அது சொல்லும், வந்துடுச்சுன்னு சொல்லாது.

கண்ணாடிய கைல வச்சுக்கிட்டு நீங்களே வாய திறந்து பாத்து வரைங்க. இதுக்கு அத விட நல்ல மாடல் கிடையாது.

மல்லிப்பூ_ஸ்கெட்ச்

ஐயா, மருட்கைன்னு நீங்க சொன்னத படிச்சதும் மறுபடியும் வீடியோவ போட்டு பாத்தேன். அவரு கைய தூக்குறாரு, ஆனா முகத்துல ஒரு கேள்வி இருக்கு, நிஜமாவா-ன்னு. அத்தனை தடவ பாத்தும் எனக்கு இது கண்ணுல படல. ரொம்ப நன்றி.

கோட்டுப்பித்தன் தம்பி, நீங்க சொன்ன அந்த முப்பது செகண்ட் ஒத்தக்கோட்டு படம் முப்பது போட்டேன், இருபத்தி ரெண்டாவதுல அந்த பாதி நிமிர்ந்த முதுகு வந்துடுச்சு. ஆனா இப்போ வேற குழப்பம். விழுந்தவங்கள எங்க வைக்கிறது? அவங்க இல்லைனா இவரு ஏன் ஆச்சரியப்படுறாருன்னே புரியாது, அவங்கள போட்டா அவரு சின்னதா போயிடறாரு. அப்புறம் கூட்டம், அத்தனை முகமும் என்னால முடியாது.

பனிநாட்டுத்_தமிழன்

நான் டொரன்டோவில இருக்கிறன். மகள் மூண்டு வருசமா ஷார்ட் ட்ராக் பழகிறா, கிழமையில ரெண்டு நாள் ஸ்கேட்டிங் மைதானத்தில குளிருக்க நிண்டு பாக்கிறனான், அதால ஐஸைப் பற்றி கொஞ்சம் சொல்லலாம். நீங்கள் போட்ட ரெண்டாவது படத்தில ஒரு பிழை இருக்கு தங்கச்சி, சுவருக்கு இஞ்சால நிண்டு பாக்கிற மாதிரி வரைஞ்சிருக்கிறியள், ஆனா அவர் வலப்பக்கத்தில இருந்து இடப்பக்கம் போறார். ஷார்ட் ட்ராக்கில எப்பவும் கடிகாரத்துக்கு எதிர்த் திசையிலதான் ஓடுவினம். வெளிச் சுவர்ப் பக்கத்தில இருந்து பாத்தா முன்னால இருக்கிற நேர்க்கோட்டில ஆக்கள் இடமிருந்து வலம் போவினம், அவையின்ர வலப்பக்கம்தான் தெரியும். இது தெரிஞ்ச ஆக்களுக்கு உடன கண்ணில குத்தும்.

இடக்கை கையுறையையும் கவனியுங்கோ. வளைவில திரும்பேக்க இடக்கை விரல் நுனியால ஐஸைத் தொட்டுக்கொண்டு போவினம், அதுக்காக அந்தக் கையுறையின்ர விரல் நுனியில மட்டும் வழவழப்பான கட்டியான மூடி மாதிரி ஒண்டு இருக்கும். அவர் ரெண்டு கையையும் விரிச்சா அந்த நுனியள் வெளிச்சத்தில சின்னப் பொட்டு மாதிரி மினுங்கும். நாலைஞ்சு புள்ளி வெள்ளையா விட்டால் போதும், வளைவில இருந்து இப்பதான் வாறார் எண்டு அதுவே சொல்லும்.

விழுந்தவை எப்பிடி விழுவினம் எண்டால், வளைவில வேகத்தோட வெளிப்பக்கமா வழுக்கிக்கொண்டு போய் சுவரில சாத்தியிருக்கிற மெத்தையில மோதுவினம். முதுகு, பக்கவாடு, கால் மேல, ஸ்கேட்டின்ர அடியில இருக்கிற கத்தி மேல. நிமிந்து கிடக்கிற ஆள் ஒருத்தரும் இருக்க மாட்டினம், எல்லாரும் பாதி உருண்டபடி. அண்டைக்கு அமெரிக்காவின்ர அப்போலோ ஓனோ எழும்பித் தடுமாறி எப்பிடியோ கோட்டைத் தாண்டி வெள்ளி எடுத்தவர், எங்கட கனடாவின்ர மத்தியூ டர்கோட் வெண்கலம். அதால விழுந்தவையில ஒராளாவது எழும்பப் பாக்கிற மாதிரி இருக்க வேணும், எல்லாரும் செத்த மாதிரிக் கிடந்தால் அது பொய்.

இன்னொண்டும் சொல்ல வேணும், இதை அதிர்ஷ்டம் எண்டு மட்டும் நினைச்சு வரையாதேங்கோ. 1994 இல மொன்றியலில நடந்த ஒரு போட்டியில இன்னொராளின்ர ஸ்கேட் கத்தி பிராட்பரியின்ர தொடைக்குள்ள போய் நாலு லீட்டர் ரத்தம் போனது, 111 தையல். 2000 இல பயிற்சியில விழுந்து கழுத்தெலும்பு முறிஞ்சது, அந்த மனுசன் அதுக்குப் பிறகும் வந்தவர். 2002 இல அவருக்கு 28 வயது, மற்றவையின்ர வேகத்துக்குத் தன்னால ஈடு குடுக்கேலாது எண்டு அவருக்கே தெரியும், அதால முன்னால போய் இடிபடாமப் பின்னால நிண்டு பாப்பம் எண்டு பயிற்சியாளரோட கதைச்சுத்தான் இறங்கினவர். அரையிறுதியிலயும் முன்னால போன ஆக்கள் விழுந்துதான் உள்ள வந்தவர். பிறகு அவரே சொன்னார், இந்த மெடலை அந்த ஒண்டரை நிமிசத்துக்கு எண்டு எடுக்கேல்ல, அதுக்கு முந்தின பத்து வருசக் கஷ்டத்துக்கு எண்டு எடுக்கிறன் எண்டு. எனக்கு அதை வாசிக்கேக்க எல்லாம் தொண்டை அடைக்கும். அந்தப் பத்து வருசம் படத்தில எங்க தெரியும் எண்டு நீங்கள்தான் பாக்க வேணும். என்னைக் கேட்டால் கழுத்தில. கழுத்தை மட்டும் இளம்பெடியன்ர கழுத்து மாதிரி வழவழப்பா வரையாதேங்கோ.

சார்கோல்_சண்முகி

கம்போசிஷன் பத்தி கேட்டீங்கல்ல, நான் சொல்றேன், ஏன்னா இதே தப்ப நானும் ரொம்ப நாள் பண்ணேன், ஹீரோவ நடுவுல பெருசா வைக்கிறது. எதிர்பாராத வெற்றிய வரையும்போது ஹீரோ நடுவுல இருக்க கூடாது தோழி, ஏன்னா அவரு நடுவுல இருப்பாருன்னு யாருமே நினைக்கல, அவரே நினைக்கல.

பேப்பர படுக்க வச்சுக்கோங்க. நீங்க விழுந்தவங்களோட சேந்து ஐஸ் மேல படுத்து கிடக்குறீங்கன்னு வச்சுக்கோங்க, கண்ணு தரைல இருந்து ஒரு சாண் உயரம். இடது கீழ் மூலைல, கிட்டக்க, பெருசா, விழுந்தவங்களோட ஒரு கால், ஒரு ஸ்கேட் கத்தி, ஒரு முதுகு, எல்லாமே பேப்பர் ஓரத்துல பாதி வெட்டுப்பட்டு. முழு ஆளா நாலு பேரையும் வரைய வேண்டாம், குவியலா ஒரு உருவம், அதுல ரெண்டு தலை தெரிஞ்சா போதும், ஒருத்தர் பனிநாட்டு அண்ணா சொன்ன மாதிரி கைய ஊணி எழுந்திரிக்க பாக்கட்டும். அப்புறம் வெறும் ஐஸ். பெரிய வெத்திடம், அத நிரப்ப கை துடிக்கும், தொடாதீங்க. அதுக்கு அந்தப்பக்கம், வலது பக்கம் மூணுல ஒரு பங்குல, பிராட்பரி. உயரம் பேப்பர்ல மூணுல ஒரு பங்கு இருந்தா தாராளம். கீழ இருக்குறது எல்லாம் படுத்த கோடு, அவரு ஒருத்தர் மட்டும் நிக்கிற கோடு. கண்ணு தானா அங்க போயிடும், அவரு சின்னதா இருந்தாலும்.

அந்த வெத்திடம் தான் படத்தோட உயிர். அவருக்கும் அவங்களுக்கும் நடுவுல இருந்த தூரம் தான் அவர காப்பாத்துச்சு, அதே தூரத்தால தான் அவரு தோத்துட்டு இருந்தாரு. அது பேப்பர்ல அளவா தெரியணும்.

முதல்ல தீப்பெட்டி சைஸ்ல ஆறு ரஃப் போடுங்க, மூணே ஷேடு வச்சு. ஐஸ் பேப்பரோட வெள்ளை. சுவரும் கூட்டமும் நடுத்தர சாம்பல். அவரு உடம்பு கருப்பு. படத்துல அவரு தான் ரொம்ப இருட்டான இடமா இருக்கணும், விழுந்தவங்க அதவிட ஒரு படி வெளிச்சமா. தீப்பெட்டில புரியாத படம் ஏ3லயும் புரியாது.

கூட்டத்துக்கு முகம் வேண்டாம். 2பி பென்சில படுக்க வச்சு சாம்பலா தேய்ச்சு, மேல கொஞ்சம் வட்டம் வட்டமா ரப்பரால எடுங்க, அவ்வளவு தான். ஒரே ஒரு ஆள மட்டும் ரெண்டு கையையும் தலைல வச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி விடலாம்.

தடகளத்_தோழன்

எல்லாரும் நல்லா சொல்லியிருக்கீங்க, ஆனா நான் கொஞ்சம் மாறுபடறேன். நாலு மாசம் ஆன ஒருத்தங்களுக்கு ஹெல்மெட், ஸ்கேட், ஐஸ் ரிஃப்ளெக்ஷன், விழுந்த உடம்புங்க, இத்தனையும் ஒரே படத்துல ரொம்ப அதிகம். பையன் ஓடுறவன், அப்போ ஓட்டத்தையே வரையலாமே. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் 10,000 மீட்டர், பில்லி மில்ஸ். அமெரிக்காவோட பூர்வகுடி, லகோட்டா இனத்த சேந்தவரு, பைன் ரிட்ஜ் ரிசர்வேஷன்ல பொறந்து சின்ன வயசுலயே அப்பா அம்மாவ இழந்தவரு. அவர யாரும் கணக்குலயே வைக்கல, எல்லாரோட கண்ணும் ஆஸ்திரேலியாவோட ரான் கிளார்க் மேல. கடைசி ரவுண்டுல கிளார்க் வழி கெடைக்காம இவர வெளிப்பக்கமா தள்ளிட்டு போறாரு, துனிசியாவோட முகமது கம்மூதி ரெண்டு பேருக்கும் நடுவுல புகுந்து ஓடிடறாரு, மில்ஸ் மூணாவது. ரவுண்டு பின்தங்குன ஓட்டக்காரங்க வேற வழில. கடைசி நேர்கோட்டுல வெளி லேன்ல இருந்து மில்ஸ் பறந்து வந்து ரெண்டு பேரையும் தாண்டிட்டாரு. 28 நிமிஷம் 24.4 செகண்ட், அதுக்கு முன்னாடி அவரு ஓடுன எந்த ஓட்டத்த விடவும் கிட்டத்தட்ட 50 செகண்ட் கம்மி. ஜெயிச்சதும் ஒரு அதிகாரி கிட்ட வந்து நீ யாருன்னு கேட்டாராம்.

இதுல ஹெல்மெட் இல்லாம முகம் முழுசா கெடைக்குது, கை கால் தசை எல்லாம் தெரியுது, நெஞ்சுல பட்டு வளையுற நாடா ஒண்ணே வேகத்த காட்டிடும். ஒரு உடம்பு, ஒரு நாடா, பின்னாடி மங்கலா கம்மூதி. புதுசா வரையுறவங்களுக்கு இது கைக்கு அடங்கும்.

அதே ரேஸ்ல இலங்கையோட கருணானந்தா எல்லாரும் முடிச்சதுக்கு அப்புறமும் தனியா மிச்ச ரவுண்ட ஓடி முடிச்சாரு, முதல்ல சிரிச்ச டோக்கியோ கூட்டம் கடைசில எழுந்து நின்னு கை தட்டுச்சு. பையன் கிட்ட அதையும் சொல்லுங்க அக்கா, அவனுக்கு இப்போ அது தான் இன்னும் கிட்ட.

ஓய்வுபெற்ற_ட்ராயிங்_மாஸ்டர்

தோழர் சொல்ற ரெண்டு கதையும் அருமை, வரைய சுலபம்ங்கறதும் சரி. ஆனா அம்மா, பிராட்பரிய விட்டுடாதீங்க. மில்ஸ் படத்துல கடைசி நூறு மீட்டர்ல ஜெயிக்கணும்னு ஒரு வெறி வந்துடுது, அது பெருமிதத்துக்கு பக்கத்துல இருக்கு. உங்க பையன் கடைசில வந்த பிள்ளை. கடைசில வர்றவன் ரேஸ விட்டு போகாம பின்னாடியே வந்துட்டு இருந்தான், அந்த ஒண்ணு தான் பிராட்பரியோட கதை. கஷ்டமா இருந்தா முதல் படத்துக்கு மில்ஸ வரைஞ்சு கை பழகிட்டு இதுக்கு வாங்க, பத்து நாள் கூட ஆகட்டும். பிள்ளைக்கு மாட்டுற படத்த அவசரத்துல வரைய கூடாது.

கோட்டுப்பித்தன்

ஐஸ் பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. ஐஸ்னு காட்ட நிறைய கோடு போட வேண்டாம் அக்கா. அவரு காலுக்கு நேர் கீழ, தலைகீழா மங்கலா ஒரு நிழல், எச்பில லேசா, ஓரம் தெளிவில்லாம. அப்புறம் ஸ்கேட் கத்தி போன ரெண்டு மூணு வளைஞ்ச கீறல், அத பென்சில்ல போடாதீங்க. ஷேடு போடுறதுக்கு முன்னாடியே தீந்துபோன பால் பாயிண்ட் பேனாவால பேப்பர்ல அழுத்தி இழுத்துடுங்க, பள்ளம் விழுந்துடும். அப்புறம் மேல பென்சில படுக்க வச்சு தேய்ச்சா பள்ளம் மட்டும் வெள்ளையா நிக்கும். அசல் ஐஸ்ல கீறுன மாதிரியே இருக்கும். முதல்ல வேற துண்டு பேப்பர்ல ட்ரை பண்ணிட்டு செய்ங்க, ஒரு தடவ பள்ளம் விழுந்தா எடுக்க முடியாது.

அந்த கீறல் எல்லாம் இடது மூலைல விழுந்தவங்க பக்கம் கன்னாபின்னானு போய் குவியட்டும், அவரு பக்கம் ஒரே ஒரு கோடு.

மல்லிப்பூ_ஸ்கெட்ச்

பதினாறு நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க, நடுவுல மாமியாருக்கு உடம்பு சரியில்ல. மாஸ்டர் ஐயா சொன்ன மாதிரி முதல்ல மில்ஸ ரெண்டு தடவ வரைஞ்சேன், அதுல தான் கைய எப்படி மடக்குறதுன்னு பிடிபட்டுச்சு. அப்புறம் தீப்பெட்டி ரஃப் ஆறு. அஞ்சாவத எடுத்தேன்.

படம் இணைச்சிருக்கேன். விழுந்தவங்க இடது மூலைல பாதி வெட்டி போட்டிருக்கேன், ஒரு ஆளு முழங்கைய ஊணி எழுந்திரிக்குறாரு. நடுவுல வெறும் வெள்ளை. அத அப்படியே விடுறதுக்கு தான் ரொம்ப மனசு கஷ்டமா இருந்துச்சு, ரெண்டு தடவ பென்சில கொண்டு போயிட்டு திரும்பிட்டேன். திசை சரியா இடமிருந்து வலம் மாத்திட்டேன். இடக்கை அந்தப்பக்கம் இருக்கறதால விரல் மட்டும் தான் தெரியுது, அஞ்சு புள்ளி வெள்ளையா விட்டிருக்கேன் அண்ணா, உங்களுக்கு தெரியுதா பாருங்க. கழுத்துல ரெண்டு நரம்பு போட்டேன். முகம் என் பெருவிரல் நகம் அளவு தான் வந்துச்சு, அதுல புருவத்த மட்டும் ஏழு தடவ அழிச்சேன், பேப்பர் கொஞ்சம் பஞ்சு மாதிரி ஆயிடுச்சு, ஆனா கடைசில வந்துடுச்சுன்னு நினைக்கிறேன். உதட்டு ஓரம் வலது பக்கம் மட்டும்.

நேத்து சாயங்காலம் டேபிள் மேல வச்சிருந்தேன், பையன் ஸ்கூல் பேக கூட இறக்காம நின்னு பாத்துட்டு, "அம்மா, இவருக்கு இன்னும் தெரியல தானே, ஜெயிச்சது?"ன்னு கேட்டான். எனக்கு பேச்சு வரல, ஆமாடான்னு மட்டும் சொன்னேன்.

ஒரு கடைசி சந்தேகம். 6பில போட்ட கருப்பு தொட்டாலே ஒட்டுது, வெள்ளை இடம் அழுக்காயிடுமோன்னு பயமா இருக்கு. ஃப்ரேம் போடுற வரைக்கும் என்ன பண்றது?

சார்கோல்_சண்முகி

புருவம் வந்துடுச்சு தோழி. நான் ஃபோன்ல பெருசு பண்ணி பாத்தேன், அது வியப்பு தான், துக்கம் இல்ல. அந்த வெள்ளைய விட்டதுக்கு உங்கள கட்டி புடிச்சுக்கணும் போல இருக்கு.

ஸ்டேஷனரி கடைல ஃபிக்சேட்டிவ் ஸ்ப்ரேன்னு கேளுங்க, பென்சில் கருப்பு கலையாம பேப்பரோட புடிச்சு வைக்கும். மொட்டை மாடில காத்து இல்லாத நேரத்துல, படத்த சாய்ச்சு வச்சு, ஒன்னரை அடி தள்ளி நின்னு, இடமிருந்து வலம் லேசா ஒரு கோட்டிங். பத்து நிமிஷம் காய விட்டு இன்னொண்ணு. கிட்ட போய் அடிச்சா சொட்டு விழுந்து கறை ஆயிடும். அது வரைக்கும் மேல ஒரு ட்ரேசிங் பேப்பர் வச்சு கிளிப் போட்டு வைங்க, நியூஸ் பேப்பர் வைக்காதீங்க, மை ஒட்டும். ஃப்ரேம் கடைல மவுண்ட் போர்டு, அதாவது படத்த சுத்தி வர்ற தடிப்பான அட்டை, வச்சு போட சொல்லுங்க, கண்ணாடி நேரா படத்து மேல படக்கூடாது. டேபிளுக்கு மேல மாட்டும்போது ஜன்னல் வெயில் நேரா அடிக்காத சுவரா பாத்துக்கோங்க.

பனிநாட்டுத்_தமிழன்

அஞ்சு புள்ளியும் தெரியுது தங்கச்சி. மகளுக்குக் காட்டினனான், இடக்கை எண்டு உடன சொல்லிப்போட்டா. பெடியன் பரணில போட்ட ஷூவை எடுத்திட்டானோ?

மல்லிப்பூ_ஸ்கெட்ச்

இன்னும் இல்ல அண்ணா. ஆனா காலைல ஸ்டூல் பரணுக்கு கீழ கெடந்துச்சு, நான் ஒண்ணும் கேட்டுக்கல.